டார்ச் வாங்க லூமன் எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: புதுவெளிச்சம்

மூன்று வேலைக்கு டார்ச் வேண்டும். மின்சாரம் போனால் வீட்டுக்குள் பிடிக்க, தெருவிளக்கு இல்லாத பாதையில் நடக்க, வண்டியில் அவசரத்துக்கு வைக்க. ஒன்றே மூன்றுக்கும் உதவுமா? இணையக் கடைகளில் 1,000 லூமன், 10,000 லூமன், 1,00,000 லூமன் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் விலையில் பெரிய வித்தியாசமே இல்லை. எதை நம்புவது? பேட்டரி உள்ளேயே பதித்தது நல்லதா, கழற்றி மாற்றுவது நல்லதா?

மின்மினி:

லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் எவ்வளவு செறிவாக வெளிச்சம் போகிறது என்ற அளவு. அதே 500 லூமனை விரித்து விட்டால் அறை நிறையும், குவித்து விட்டால் தொலைவில் இருக்கும் மரம் தெரியும், ஆனால் காலடி இருட்டாக இருக்கும்.

கேண்டெலா தெரிந்தால் தூரத்தை நீங்களே கணக்கிடலாம். அதன் வர்க்கமூலத்தை 2 ஆல் பெருக்கினால் மீட்டர். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் தூரமும் இந்தக் கணக்கில் வருவதுதான். ஆனால் அந்த 200 மீட்டரில் கிடைப்பது 0.25 லக்ஸ், அதாவது முழுநிலவு அளவு வெளிச்சம். அங்கே நிற்பது மாடா மனிதனா என்று தெரிய வேண்டுமானால் பாதித் தூரத்தையே நம்புங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்காகிவிடும்.

பெரிய எண்கள் பொய் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நல்ல டார்ச்சில் இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் கிடைக்கும். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். ஒரு 18650 செல்லில் (டார்ச்சுகளில் போடும், 18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் அயான் செல்) இருப்பது 10 முதல் 12 வாட் மணி. அதை அப்படியே பிழிந்தாலும் எட்டு நிமிடத்தைத் தாண்டாது, அந்தச் சூட்டைக் கையளவு அலுமினியக் குழாய் தாங்கவும் முடியாது. ஒற்றைச் செல் டார்ச்சில் 1,00,000 என்று எழுதியிருந்தால், மற்ற விவரங்களைப் படிக்கவே வேண்டாம்.

நேர்மையான கம்பெனி பெட்டியில் 'ஆன்சி எஃப்.எல்.1' (டார்ச்சை அளப்பதற்கான அமெரிக்கத் தரநிலை) என்று போட்டு லூமன், கேண்டெலா, தூரம், நேரம் எல்லாம் தரும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லூமனை அளப்பது எரியவிட்ட 30 நொடிக்குப் பிறகு. எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். அதனால் '2,000 லூமன், 3 மணி நேரம்' என்றால் 2,000 மூன்று மணி நேரமும் நிற்கும் என்று அர்த்தமில்லை. சில நிமிடங்களில் சூடேறி, டார்ச் தானாகவே 600, 700க்கு இறங்கியிருக்கலாம். நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் கொடுத்திருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

உங்கள் தேவைக்கு: வீட்டுக்குள் 100 முதல் 200 லூமன் போதும். தரையில் செங்குத்தாக நிற்கும்படி பின்பக்கம் தட்டையாக இருப்பதை வாங்கி வெள்ளைக் கூரையை நோக்கி வைத்தால் அறை முழுக்கச் சீராக வெளிச்சம் பரவும். 1 முதல் 5 லூமன் வரை ஒரு மிகக் குறைந்த நிலையும் இருக்கட்டும், நள்ளிரவில் எழும்போது கண் கூசாது. நடைக்கு 50 முதல் 150. அதற்கு மேல் போனால் பக்கத்துத் தரையின் பளீர் வெளிச்சம் கண்ணைப் பழக்கிவிட, அப்பால் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும்.

செல்பெட்டி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் என் கருத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது பேட்டரி. பாதி டார்ச்சுகள் கெட்டுப்போவது அதனால்தான்.

அல்கலைன் பென்சில் செல்லை டார்ச்சுக்குள் போட்டு மாதக்கணக்கில் மறந்தால் ஒழுகும். வெள்ளையாகப் பூத்திருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலிருந்து வருவது, காரம். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் கறுத்து அரித்திருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு, மூன்று செல் போடும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றவை அதைத் தலைகீழாக மின்னேற்றும். ஒழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

வண்டிக்கு: மூடிய வண்டிக்குள் வெயிலில் ஏறும் சூடு லித்தியம் அயான் செல்லை வேகமாக முதுமையாக்கும். மறுமுறை மின்னேற்ற முடியாத, 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல் போடும் டார்ச்சே அங்கே பொருத்தம். ஆண்டுக்கணக்கில் கெடாது, ஒழுகுவது மிக அரிது. கையில் பிடிப்பதைவிடத் தலையில் மாட்டும் விளக்காக வாங்குங்கள். டயர் மாற்ற இரண்டு கையும் வேண்டும்.

வீட்டுக்கும் நடைக்கும் கழற்றக்கூடிய 18650 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 21700 செல். உள்ளே பதித்த பேட்டரி தளர்ந்த அன்றே டார்ச்சும் முடிந்தது. செல்லைத் தனியாகச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள், முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டி மலிவுதான்.

புதுவெளிச்சம்:

இருவருக்கும் நன்றி. ஒரு 18650 செல்லில் கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 3,000 மட்டும். முதலாவதை எடுக்கலாமா? ஒரு டார்ச்சின் கருத்துப் பகுதியில், டைப் சி கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது பழுதா?

செல்பெட்டி:

9,900ஐத் தொடாதீர்கள். அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே 3,500ஐ ஒட்டித்தான் நிற்கிறது. கையில் வாங்கி எடை பாருங்கள், உண்மையான 18650 சுமார் 45 கிராம் இருக்கும். 30 கிராமுக்குக் கீழே என்றால் உள்ளே பாதி காலி. 3,000ஐயே எடுங்கள்.

நீளமும் பாருங்கள். வெறும் செல் 65 மில்லிமீட்டர், பாதுகாப்புச் சுற்று வைத்தது 68 முதல் 70 வரை போகும். சில டார்ச்சில் மூடி திருகாது. தலை தட்டையான செல்லைச் சில டார்ச்சுகள் தொடவே தொடாது, அவற்றுக்குக் குமிழ்த்தலை வேண்டும்.

சார்ஜ் விஷயம் வடிவமைப்புக் குறை. டைப் சி துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால், இரண்டு முனையும் டைப் சியாக உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி. என்றால் ஏறும். டார்ச் நன்றாக இருந்தால் இதற்காகக் கைவிட வேண்டியதில்லை, கேபிளை மாற்றினால் தீர்ந்தது.

ஒளிவட்டம்:

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை, எண்ணில் அதிகம் காட்டும், ஆனால் மூடுபனியில் முகத்திலேயே திருப்பி அடிக்கும். நடைக்கு 4,000 முதல் 5,000 வரை எடுங்கள். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான மதிப்பெண்) 90க்கு மேல் இருந்தால் மண்ணும் காய்ந்த இலையும் பாம்பும் தனித்தனியாகத் தெரியும். அதற்காகக் கொஞ்சம் லூமன் குறைந்தாலும் பரவாயில்லை.

தலையை முன்பின் இழுத்துக் குவிக்கும் டார்ச் மழைக்கு ஆகாது, அந்த இழுக்கும் இடுக்கில் தண்ணீர் இறங்கும். நிலையான தலையோடு ஐ.பி.எக்ஸ் 7 வாங்குங்கள், அது 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற அளவு.

பக்கவாட்டு மின்னணு பட்டன் உள்ளதை அணைத்து வைத்தாலும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும், பைக்குள் தானாகவும் எரிந்துவிடும். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் பெரும்பாலானவற்றில் இணைப்பு அறுந்துவிடும். வாங்கிய உடனே இதைச் சோதித்துப் பாருங்கள்.