டோர்ட்டஸைப் பெரிய பெட்டியில் கேட்ட அன்று

பாட்டு வரியே இல்லாத இசை உங்களைப் பிடித்த சந்தர்ப்பத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவது என் தொழில். அதனால் என் கதையில் ஸ்பீக்கர்ப் பெட்டிதான் முதலில் வரும்.

டோர்ட்டஸ் என்ற குழுவைக் காட்டித் தந்தவன் கொழும்பில் வேலை செய்யும் என் மச்சான். 1990இல் சிக்காகோவில் தொடங்கிய குழு. டப் (ரெகேயிலிருந்து பிறந்த, பேஸும் எக்கோவும் முன்னுக்கு நிற்கும் இசை), ஜாஸ், எலக்ட்ரானிக் மூன்றையும் கலந்து, பாடகர் இல்லாமலே வாசிப்பவர்கள். லீவுக்கு வந்தவன் போனில் போட்டான். மேலே வைப்ரஃபோன், அதாவது உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி, மணிமணியாகக் கேட்டது, அவ்வளவுதான். "போன்ல விளங்காது மச்சான், உங்க பெட்டியில போட்டுப் பாருங்க" என்றான்.

சரி என்று, ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் பின்னேரம் பெட்டிகளைக் கட்டி முடித்ததும் போட்டேன். 1998இல் வந்த 'டிஎன்டி' ஆல்பத்தின் முதல் உருப்படி. ட்ரம்ஸ் அவசரமே இல்லாமல், ஜாஸ்காரர் கை பழகுவது போலத் தொடங்குகிறது. அப்புறம் கிட்டார் ஒரு சின்ன வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. பேஸ் இறங்கியதும் கோயில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு) வரை இறங்கும். அது போன் ஸ்பீக்கரில் ஏறவே ஏறாது. இந்த இசையின் பாதி உயிர் அந்தக் கீழ் ஒலியில்தான் இருக்கிறது.

பனி இறங்கினால் தோல் இளகிவிடும் என்று, பக்கத்தில் ஒரு பெரியவர் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். காமன் கூத்துக்கெல்லாம் அடித்த கை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவனுக நல்லா எடம் விட்டு அடிக்கிறானுக தம்பி" என்றார். விரலால் தப்பின் ஓரத்தில் கூடவே தட்டவும் தொடங்கிவிட்டார். டோர்ட்டஸைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சரியான பேச்சு இல்லை.

அடிகளுக்கு நடுவே இப்படி இடம் விடுகிற பழக்கம் டப்பிலிருந்து வந்தது. டப் பிறந்தது 1960களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அதை வளர்த்தவர்களில் முதல் ஆளாக நான் நினைப்பது கிங் டப்பியை. ரேடியோ, ஆம்ப் திருத்துகிறவர். சொந்தமாக சவுண்ட் செட்டும் வைத்திருந்தார். பதிவான ரெகே (ஜமைக்காவின் இசை) பாட்டை நாலு ட்ராக் மிக்சரில், அதாவது ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியில் போட்டு, குரலை எடுத்துவிட்டு, பேஸையும் ட்ரம்ஸையும் மட்டும் மிச்சம் வைப்பார். நடுவில் பாடகரின் அரைச்சொல் ஒன்றை எக்கோவில் மிதக்க விடுவார். மிக்சரைத் தள்ளுகிற கையும் இசைக் கைதான் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். என் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதைக் கேட்டால் நெஞ்சு நிறையும். டோர்ட்டஸிலும் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜான் மெக்கன்டயர்தான் ஒலிப்பதிவையும் பார்க்கிறார். வாசித்ததைக் கம்ப்யூட்டரில் வெட்டி, மாற்றி அடுக்கிச் செய்ததுதான் 'டிஎன்டி'. ஜாஸ் பக்கம் கிட்டார்காரர் ஜெஃப் பார்க்கருடையது.

அடுத்ததாக, டோர்ட்டஸின் 1996 ஆல்பத்தில் முதலில் வரும் 'ஜெட்'டைப் போட்டேன். 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாதியைத் தாண்டியதும் நாடா சிக்கியது போல ஒலி அறுந்து அறுந்து போகிறது. என்னோடு வேலை செய்யும் பையன் வயர் கழன்றுவிட்டது என்று ஆம்புக்கு ஓடினான். அவர்கள் வேண்டுமென்றே அறுத்த இடம் அது. அந்த அறுவைக்குப் பின்னால் வேறொரு இசை எழும்பி வரும்; எனக்கு அந்த உருப்படியிலேயே பிடித்த இடம்.

கேட்க நினைக்கிறவர்கள் 'டிஎன்டி'யில் தொடங்குங்கள். பேஸ் பித்து உள்ளவர்கள் 1994இல் வந்த முதல் ஆல்பத்துக்குப் போகலாம், அதில் இரண்டு பேஸ்காரர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் போடுகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன்: திருவிழா மைக்குக்காக மிக்சரில் ஏற்றி வைத்திருக்கும் எக்கோவை முதலில் இறக்கிவிடுங்கள். இசைக்குள்ளேயே எக்கோ இருக்கிறது. மேலே இன்னொன்று ஏறினால் எல்லாம் குழம்பிவிடும். பேஸையும் கூட்ட வேண்டாம், அவர்கள் வைத்த அளவே போதும்.