கஸ்டரின் கையில் வாள் இருந்ததா?

வாகைமரம்: ‘கஸ்டரின் கடைசிப் போர்’ என்ற தமது அச்சுப்படம், 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பூர்வகுடி வீரர்களோடு நடந்த சண்டையில் அமெரிக்கப் படைத் தளபதி கஸ்டர் மடிந்ததை அப்படியே காட்டுகிறது என்று கல்லச்சு நேற்று எழுதியிருந்தார். அதில் கஸ்டர் வாளை ஓங்கி நிற்கிறார். அவரது ஏழாம் குதிரைப்படையோ தன் வாள்களைப் பெட்டிகளில் கட்டி, பவுடர் ஆற்றங்கரைக் கிடங்கில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டது. பிறகு எப்படி இது வரலாறாகும்?

கல்லச்சு: கேசிலி ஆடம்ஸ் வரைந்த மூல ஓவியம் 1946 இல் டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ் தீவிபத்தில் அழிந்துவிட்டது. அதைத் தழுவி ஓட்டோ பெக்கர் ஆக்கிய கல்லச்சுப் படத்தைத்தான் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) அன்ஹைசர்-புஷ் பீர் நிறுவனம் 1896 முதல் மதுக்கடைகளுக்கு அனுப்பியது. என்னிடமுள்ள அச்சுப்படியின் அடிவிளிம்பில் நிறுவனத்தின் பெயர் வெட்டுப்படாமல் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், இக்காலத்து அச்சில் வரும் ஒழுங்கான புள்ளி வரிசை எங்குமே தெரியாது; அதாவது இது பிற்கால நகல் அல்ல. இதையெல்லாம் விட்டுவிட்டு வாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மேத்தி, டி ரூடியோ என்ற இரு அதிகாரிகள் வாளோடு போனதாகவும் குறிப்பு உண்டு.

வாகைமரம்: அரைகுறையாகப் படித்துவிட்டு வாதாட வராதீர்கள். மேத்தி பின்னால் வந்த சுமைக் கழுதைகளோடு இருந்தார். டி ரூடியோ, கஸ்டரிடமிருந்து பிரிந்து போன மேஜர் ரீனோவின் பிரிவில் இருந்தார். இருவருமே உயிரோடு திரும்பியவர்கள். கஸ்டரோடு குன்றின் மேல் மடிந்தவர்களிடம் வாள் இல்லை. படத்தில் காற்றில் பறக்கும் அந்த நீண்ட கூந்தலும் பொய்தான், புறப்படுமுன்பே அதைக் கத்தரித்துவிட்டிருந்தார்.

தூரிகை: இந்தச் சண்டை புதிதல்ல. ஓவியர் ஷ்ரைவோகல் கஸ்டரின் வேறொரு நிகழ்வை வரைந்த ‘கஸ்டரின் கோரிக்கை’யில் உடைகள் தவறு என்று 1903 இல் நியூயார்க் ஹெரால்டு நாளிதழில் இன்னொரு ஓவியரான ரெமிங்டன் பொரிந்து தள்ளினார். கஸ்டரின் மனைவியும், அந்த ஓவியம் காட்டும் நிகழ்வில் உடனிருந்த கர்னல் கிராஸ்பியும் ஷ்ரைவோகல் பக்கமே நின்றார்கள். கால்சட்டையின் நிறச்சாயலை மட்டுமே கிராஸ்பி விட்டுக்கொடுத்தார்.

கல்லச்சு: ரெமிங்டனுக்கு இருந்தது பொறாமை. வாகைமரத்துக்கும் அதுவே. சென்ற ஆண்டு என் ஷ்ரைவோகல் அச்சைச் சாயம் போனது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டவர்தானே இவர்!

வாகைமரம்: சாயம் போனதைச் சாயம் போனது என்றுதான் சொல்வேன், இன்று கேட்டாலும் அதே விலைதான். கால்சட்டையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. பவுடர் ஆற்றங்கரையில் பெட்டிக்குள் கிடந்த வாள் கஸ்டரின் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.