ஜோஹோ தென்காசியில் முளைத்ததா? முதலில் அதைச் சொல்லுங்கள்

பொருநைக்கரை:
நொய்யல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, வெளியார் பணம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் ஜோஹோ மென்பொருள் கம்பெனி வளர்ந்தது. பொருளாதாரம் ஆட்டம் காணும் நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் முதலீட்டாளர் வாசலில் ஏன் நிற்க வேண்டும்?" என்று எழுதியிருக்கிறார்.

வெளிப்பணம் வாங்கவில்லை என்பது சரி. தென்காசியில் உட்கார்ந்து என்பது தவறு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது விற்பனை அமெரிக்காவில், வேலை சென்னையில். தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்று டாலரில் சம்பாதித்தார்கள். தென்காசிப் பக்கம் அலுவலகம் வந்தது 2011இல். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தென்காசி பக்கத்து மத்தளம்பாறை கிராமத்தில் குடியேறியது 2019இல். வளர்ந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, இந்த மண்ணில்தான் முளைத்தது என்று எங்களிடமே சொல்கிறீர்களே!

நொய்யல்:
அண்ணாச்சி, நான் சொன்னது பணம் வாங்காமல் வளரலாம் என்பதை. நீங்கள் ஊரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். சரி, எங்கள் ஊருக்கே வாருங்கள். கோவை.கோ மென்பொருள் கம்பெனி 2011இல் தொடங்கியது, வெளி முதலீடு இல்லை. 2025இல் சுமார் 140 ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் போனஸ் கொடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரனுக்கு யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. பம்பு செட்டும் வெட் கிரைண்டரும் வென்ச்சர் கேப்பிட்டல் என்கிற வெளி முதலீட்டாளர் பணம் வாங்கியா வந்தன?

பொருநைக்கரை:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. 2011க்கு முன் தென்காசியில் ஜோஹோ இருந்ததா, இல்லையா?

கோவை.கோ நிறுவனர் சரவணகுமார் பல வருடம் லண்டனில் வேலை பார்த்தவர். கம்பெனியைத் தொடங்கியதும் அங்கேதான். பவுண்டில் சேமித்தவருக்கும், பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்துவிட்டு அப்பாவின் பிஎஃப் பணத்தை நம்பி நிற்கும் பையனுக்கும் ஒரே அறிவுரையா?

அண்ணாநகர்வாசி:
இரண்டு பேரும் பிரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியை ஏன் பேசவில்லை? அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் திருச்சியில் வளர்ந்தவர், ஜோஹோவில் வேலை பார்த்தவர். 2010இல் சென்னையில் தொடங்கி, 2011இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் பணம் வாங்கி, 2021 செப்டம்பரில் கம்பெனியை அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிட்டார். 500க்கும் அதிகமான ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அவரே சொன்னார். வெளிப்பணம் வாங்கியதால் நடந்தது அது.

நொய்யல்:
தலைமையகம் கலிபோர்னியாவில் இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 36 டாலருக்கு விற்ற பங்கு அடுத்த வருடமே 20க்குக் கீழே போனதையும் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:
நான் ஆடிட்டர். ஒரு விஷயம் கேட்கிறேன்: உள்ளூர் ஸ்டார்ட்அப் என்றால் என்ன? நிறுவனர் பிறந்த ஊரா, கம்பெனி பதிவான ஊரா, ஆட்கள் வேலை செய்யும் ஊரா? அதை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

இன்னொன்று. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டி அடுத்த வருடம் 5 சதவீதத்தைத் தாண்டியது. கடன்பத்திரத்திலேயே அவ்வளவு வட்டி கிடைக்கும்போது ஸ்டார்ட்அப்பில் ஏன் போட வேண்டும் என்று பெரும்பணம் பின்வாங்கியது. அப்போது வந்த டெர்ம் ஷீட்டுகளில், அதாவது முதலீட்டாளர் முதலில் எழுதித் தரும் நிபந்தனைத் தாள்களில், கம்பெனிக்குப் போட்ட மதிப்பைவிட நிபந்தனைகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. முக்கியமாக லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்: கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். 5 கோடி போட்டவர் இரண்டு மடங்கு என்று எழுதி வாங்கியிருந்தால், கம்பெனி 10 கோடிக்கு விலைபோனாலும் நிறுவனருக்கு ஒன்றும் மிஞ்சாது.

பொருநைக்கரை:
அந்த 2022தான் என்னைச் சாய்த்தது. புளியங்குடி எலுமிச்சையை விவசாயியிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்து வெளியூர் மண்டிகளுக்கு அனுப்பும் தொழில். ஒரு முதலீட்டாளர் டெர்ம் ஷீட் கொடுத்தார். கையெழுத்துக்கு முன் பெங்களூருக்கு மாறச் சொன்னார். எலுமிச்சை புளியங்குடியில் விளைகிறது, நான் பெங்களூரில் உட்கார்ந்து என்ன செய்வது? முடியாது என்றேன். இரண்டு மாதம் கழித்து, சந்தை சரியில்லை என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. அதற்குள் அந்தப் பணத்தை நம்பி வண்டி எடுத்துவிட்டேன். வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். "தென்காசியிலிருந்தே முடிந்ததே, உனக்கு ஏன் முடியவில்லை?" என்று என் மாமனாரே கேட்டார். இந்தத் தப்பான கதையை நம்பி அடுத்த பையனும் வீட்டை அடகு வைப்பான்.

நொய்யல்:
வருத்தமாக இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் கையெழுத்து ஆகாத பணத்துக்கு வண்டி எடுத்தது யார் தப்பு? எங்கள் பக்கம் ஆர்டர் கையில் வந்த பிறகுதான் லேத் மிஷினே வாங்குவார்கள். ஊரில் பணமும் இருக்கிறது. கரூர் வைசியா வங்கி 1916இல் இங்கேதானே தொடங்கியது?

பொருநைக்கரை:
கரூர் எப்போது கோயம்புத்தூர் ஆனது? 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள், அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல். ஊர்ப் பணத்தைத் திரட்டுவதை எங்களுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டாம்.

அண்ணாநகர்வாசி:
கும்பகோணம் சிட்டி யூனியன் 1904. இரண்டு பேருக்கும் மூத்தது.

கணக்குப்புலி:
வங்கி கொடுப்பது கடன், நாம் பேசுவது பங்கு. ஊர்ப் பெரியவர் ஒருவர் நியாய மதிப்புக்கு மேல் விலை கொடுத்துப் பங்கு வாங்கினால், கூடுதல் தொகை கம்பெனியின் வருமானம் என்று வரி கேட்டார்கள். 2012இல் வந்த ஏஞ்சல் டேக்ஸ் அது. 2019இல் பதிவு பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு விலக்கு கிடைத்தது, 2024 பட்ஜெட்டில்தான் முழுசாக எடுத்தார்கள். இப்போது டான்சீட் திட்டத்தில் மாநில அரசும் 10 லட்சம் தருகிறது, கிராமப்புறத் தொழில் என்றால் 15 லட்சம். இவ்வளவு இருக்கும்போது வங்கி பிறந்த வருடத்துக்கா சண்டை? நான் கேட்ட விளக்கத்தை இன்னும் யாரும் தரவில்லை.

பொருநைக்கரை:
15 லட்சத்தில் குளிர்பதன வண்டி ஒன்றுகூட ஒழுங்காக வராது சார். அதை விடுங்கள். நொய்யல் இன்னும் பதில் சொல்லவில்லை. தென்காசிக்கு ஜோஹோ வந்தது 2011இல். அதற்கு முன் 15 வருடம் எங்கே இருந்தது?

நொய்யல்:
எங்கே இருந்தால் என்ன? முதலீடு வாங்கினார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
வாங்கவில்லை என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். தென்காசியா, சென்னையா?

நொய்யல்:
காலையில் ஷிப்ட் இருக்கிறது. நாளைக்கு வருகிறேன்.

பொருநைக்கரை:
வாருங்கள். இதே கேள்வியோடு இங்கேயே இருப்பேன்.