பிளேக்கை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

வாசகன்77:
பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆங்கில ரொமான்டிக் இயக்கத்தின் கவிகளில் நகரத்து ஏழைக்காகப் பேசியவர் யார் என்றால், எல்லோரும் உடனே வில்லியம் பிளேக்கைக் காட்டுகிறார்கள். 1794-இல் வந்த ‘லண்டன்’ பதினாறே வரி. புகைபோக்கி துடைக்கும் பையனின் கூவல், சிப்பாயின் பெருமூச்சு, இளம் விலைமாதின் சாபம் எல்லாம் அதில் வருகின்றன. நல்ல கவிதைதான். ஆனால் யார் படித்தார்கள்? அவரே செப்புத் தகட்டில் பொறித்து, அச்சடித்து, வண்ணம் தீட்டி விற்ற புத்தகம். அவர் இருந்தவரை மிகச் சில பிரதிகளே போயின. வாங்கியவர்களும் வசதியானவர்கள். அந்தப் பையனுக்கு என்ன லாபம்?

மேகலா:
லாபக் கணக்குக்கே வருகிறேன். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது, யாரும் மதிக்கவில்லை. அடுத்த ஆண்டே பிளேக்கின் முதல் ‘புகைபோக்கிப் பையன்’ கவிதை: அம்மா இறந்துவிட்டாள், நாக்குகூடத் திரும்பாத வயதில் அப்பா என்னை விற்றுவிட்டார் என்று பையனே சொல்கிறான். 1824-இல் ஷெஃபீல்ட் கவிஞர் ஜேம்ஸ் மாண்ட்கோமரி இந்தக் கொடுமைக்கு எதிராக ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, கட்டுரையாளர் சார்லஸ் லாம் இந்தக் கவிதையைத்தான் அனுப்பினார். பிரச்சாரத்துக்குப் பயன்பட்டிருக்கிறதே?

வாசகன்77:
முப்பத்தைந்து வருடம் கழித்து! புகைபோக்கிக்குள் பையன்களை ஏற்றித் துடைப்பது உண்மையில் நின்றது 1875 சட்டத்தோடுதான். இடையில் வந்த 1840, 1864 சட்டங்கள் காகிதத்தோடு சரி. 1775-இலேயே பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், கரி படிந்து இவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று எழுதிவிட்டார். நூறு கவிதைக்கு அந்த ஒரு கட்டுரை மேல்.

மேகலா:
அந்தக் கட்டுரையையும்தான் நூறு வருடம் யாரும் கேட்கவில்லை, சார்.

பழைய புத்தகக்காரர்:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. நகரம் என்றாலே அழுகைதானா? அதே காலத்துக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலக் கவிதையைப் பாருங்கள், தலைப்பிலேயே 1802 என்று இருக்கும். புகையில்லாத விடியற்காலை, தூங்கும் வீடுகள், அமைதியான லண்டன். அதுவும் உண்மைதானே?

மேகலா:
ஐயா, புகை ஏன் இல்லை? இன்னும் அடுப்பு மூட்டவில்லை. மூட்டுவதற்கு முன்னால் துடைத்தாக வேண்டும் என்பதால்தான் அந்தப் பையன்கள் இருட்டோடு எழுந்தார்கள். பிளேக்கின் பையன்களும் அப்படித்தான் பையும் துடைப்பமுமாகக் கிளம்புகிறார்கள். வேர்ட்ஸ்வொர்த் ரசித்த அதே நேரத்தில் ஏதோ ஒரு புகைபோக்கிக்குள் ஒரு குழந்தை இருந்திருக்கும். பாலத்திலிருந்து அது தெரியாது.

பழைய புத்தகக்காரர்:
அவரை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள், அம்மா. அவருடைய ‘ப்ரெலூட்’ என்ற நெடுங்கவிதையின் ஏழாம் பாகத்தில் லண்டன் கூட்டத்துக்கு நடுவே குருட்டுப் பிச்சைக்காரர் ஒருவர் வருகிறார். தன் கதையை எழுதி நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கவிஞர் அங்கேயே அதிர்ந்து நின்றுவிடுகிறார்.

மேகலா:
நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிச்சைக்காரரை அங்கே நிற்க வைத்தது யார் என்று அவர் கேட்பதில்லை. மனிதனால் மனிதனை அறியவே முடியாது என்கிற யோசனைக்குப் போய்விடுகிறார். பிளேக் விரலை நீட்டிக் காட்டுகிறார்: தேவாலயம், அரண்மனை. 1794-இல் வெளியான இரண்டாவது புகைபோக்கிக் கவிதையில் பையன் பனியில் நிற்கிறான், பெற்றோர் ஜெபிக்கப் போயிருக்கிறார்கள்.

வாசகன்77:
விரலை நீட்டினார், சரி. யாரிடம்? படித்ததே அந்த வசதியான கூட்டம்தான் என்கிறேன்.

மேகலா:
அவர்கள் வீட்டில்தானே புகைபோக்கி இருந்தது! 1789 கவிதையில் பையன் “உங்கள் புகைபோக்கியைத் துடைக்கிறேன்” என்கிறான். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பார்த்துச் சொல்வது அது. 1803-இலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் ஆள் ஏறத் தேவையில்லாத நீளத் துடைப்பம் செய்துவிட்டார். அதன் பிறகும் ஆள் வைத்தே துடைத்தவர்கள் இந்தக் கூட்டம்தான்.

வாசகன்77:
அந்த வரி வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு வீட்டுக்காரராவது துடைப்பத்துக்கு மாறினார் என்று காட்டுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.