பழைய அம்பாசடரில் 1800 இசுசு இன்ஜின், 5 கியர் பெட்டி: எதைக் கவனிக்கணும்?

கேள்வி: என் வண்டி அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். 1800 இசுசு இன்ஜினும் அதோட 5 கியர் பெட்டியும் செட்டா கிடைக்குது. மாத்தி வெச்சா, பழைய ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டே (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்கு சுழற்சியைக் கொண்டு போற தண்டு) போதுமா சார்?

பதில் 1: அளவு பார்க்காம ஷாஃப்ட்டை வெட்டாதீங்க. இன்ஜினையும் பெட்டியையும் சேர்த்துப் பூட்டி இறக்கி, மவுண்ட் பிராக்கெட்டை முதல்ல டேக் வெல்டிங்ல (தற்காலிகமா அங்கங்கே வைக்கிற புள்ளி வெல்டிங்) மட்டும் நிறுத்துங்க. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மிமீ இருக்கணும். சம்ப் (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கிராஸ்மெம்பர்ல (வண்டியோட குறுக்குச் சட்டம்) இடிக்கக் கூடாது. வண்டி நாலு டயர்லயும் நிக்கும்போதுதான் ஷாஃப்ட் அளவு எடுக்கணும். ஸ்லிப் யோக் (பெட்டிக்குள்ள முன்னும் பின்னும் நகர்ற ஷாஃப்ட் முனை) முழுசா உள்ளே போன இடத்திலிருந்து சுமார் 20 மிமீ வெளியே இருக்கட்டும். கியர்பாக்ஸ் அவுட்புட்டும் டிஃபரன்ஷியல் பினியனும் (பின் ஆக்சிலுக்குள்ள போற சின்ன பல்சக்கரத் தண்டு) இணைகோட்டுல இல்லேன்னா வேகத்துல அதிர்வு நிச்சயம். வெட்டின ஷாஃப்ட்டை பேலன்ஸ் பண்ணாம மாட்டவே மாட்டாதீங்க.

பதில் 2: பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) டவல் பின் (இன்ஜினையும் பெட்டியையும் நேரா நிறுத்துற ஊசி) ரெண்டும் இருக்கா பாருங்க. பலர் அதை விட்டுடறாங்க. இன்புட் ஷாஃப்ட் மையம் விலகி பைலட் பேரிங் (அந்த ஷாஃப்ட்டோட முன் நுனியைத் தாங்குற பேரிங்) போயிடும். பெட்டி உட்காரலேன்னா போல்ட்டை முறுக்கி இழுக்காதீங்க, கிளட்ச் பிளேட் ஹப் வளைஞ்சிடும். எர்த் பட்டையை (இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற கரண்ட் பட்டை) மறந்தா ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா ஓடி அதைச் சுட்டுடும்.

பதில் 3: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி முதல்ல, வேலை அப்புறம். இன்ஜின் வாங்கின பில்லுல இன்ஜின் நம்பர் இருக்கணும்.