முதல் மூன்று படங்கள் மட்டும் பால் தெளித்ததுபோல் வந்திருக்கின்றன, ஏன்?

தெம்பனிஸ்காரன்:
போன மாதம் யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய படச்சுருள் கேமரா ஒன்று வாங்கினேன். மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ்; மேலிருந்து குனிந்து உள்ளே கண்ணாடியில் பார்த்து எடுக்கும் பெட்டி. கைப்பேசியில் ஒரே நாளில் இருநூறு படம் எடுத்துப் பழகியவனுக்கு, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்பது முதலில் தண்டனையாகத்தான் இருந்தது. சுருளும் கழுவும் கூலியும் சேர்ந்து படத்துக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் ஆகிறது.

சனிக்கிழமை காலை எம்ஆர்டி ரயிலில் தேக்கா சந்தைப் பக்கம் கொண்டுபோனேன். பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் அக்கா ஒருவர், நான் குனிந்து பெட்டிக்குள் பார்ப்பதைக் கண்டு, "உள்ளே என்ன தம்பி இருக்கிறது?" என்றார். அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். எதிர்க்கடை வாழைத்தாரும் போகிறவர் வருகிறவர்களும் இடம் வலம் மாறி அந்தச் சின்னக் கண்ணாடியில் அசைந்துகொண்டிருந்தார்கள். விரலில் சுற்றிய நூலோடு வெகுநேரம் பார்த்தார். பிறகு தானாகவே முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய படங்கள்தான் இரண்டும் மூன்றும். முதல் படத்தோடு அவையும் பாழ். நான்காவதிலிருந்து எல்லாம் கத்திபோல் தெளிவு. கண்ணாடியில் பார்க்கும்போதே முதலில் மங்கலாகத்தான் இருந்தது. சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்ததும் சரியாகிவிட்டது. கழுவிய கடையில் கேட்டால், கேமராவில்தான் கோளாறு என்கிறார்கள்.

ஈசூன் மாமா:
பூஞ்சையாக இருக்கும். ஷட்டரை 'பி'யில் (விசையை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும்) திறந்துவைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அதுதான். நம் ஊர் ஈரத்தில் பழைய லென்ஸை வெறும் அலமாரியில் வைக்கக் கூடாது. உலர்பெட்டி வாங்கி 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள்.

பன்னிரண்டு படம்:
மாமா சொன்ன உலர்பெட்டி அவசியந்தான். ஆனால் பூஞ்சையாக இருந்தால் பன்னிரண்டும் கெட்டிருக்குமே? தம்பி, இரண்டே கேள்வி. முதல் நாள் இரவு கேமரா எங்கே இருந்தது? சட்டையால் எந்தக் கண்ணைத் துடைத்தீர்கள், மேல் கண்ணையா, கீழ்க் கண்ணையா?

தெம்பனிஸ்காரன்:
ஏர்கான் அறையில், மேசைமேல். துடைத்தது... மேல் கண்ணைத்தான்.

பன்னிரண்டு படம்:
அதேதான். குளிர்ந்த கண்ணாடியை நம் வெளிக்காற்றில் நீட்டினால் நொடியில் வியர்த்துவிடும். இரண்டு கண்ணும் வியர்த்திருக்கின்றன. மேல் கண் நீங்கள் பார்ப்பதற்கு மட்டும். படச்சுருளுக்கு வெளிச்சம் போவது கீழ்க் கண் வழியாக. உங்களுக்குத் தெளிந்தது, சுருளுக்குத் தெளியவில்லை. நான்காவது படத்துக்குள் கீழ்க் கண் தானாகவே உலர்ந்திருக்கும்.

இனிமேல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பை ஜிப்பைத் திறக்காமல், ஏர்கான் இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சுருளுக்கும் இதே விதி. உறையைக் கிழிக்காமல் சூடேற விடவேண்டும்.

ரோலை வீட்டுப் பிள்ளை:
சட்டை நுனி என்று படித்ததும் எனக்கு உடம்பு கூசுகிறது! என் அம்மா 1970களில் இங்கே சிங்கப்பூரில் இருந்த ரோலை என்ற ஜெர்மன் கேமரா நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1981இல் அது மூடப்பட்டது. 'மேட் பை ரோலை சிங்கப்பூர்' என்று பொறித்த ரோலை 35 கேமரா ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் லென்ஸை நான் ஒருமுறை கைக்குட்டையால் துடைத்ததற்கு அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதித் தள்ளுங்கள். துணியெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊதாமல் தேய்த்தால் மணல்தூள் லென்ஸின் மேற்பூச்சில் கோடு போட்டுவிடும்.

தெம்பனிஸ்காரன்:
மேல் கண்ணில் கோடு ஏதும் விழவில்லை, இப்போதுதான் பார்த்தேன். பூஞ்சையும் இல்லை, மாமா. வரும் சனிக்கிழமை மறுபடி போகிறேன். அக்காவிடம் படம் கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டு, காசே வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.