கிளட்ச் கவரில் டைட்டானியம் போல்ட் இறுகிவிட்டது, கழற்ற வழி சொல்லுங்கள்

குளச்சல் ஆர்15

வணக்கம். யமஹா ஆர்15 வி4 வைத்திருக்கிறேன். வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். சென்ற ஆண்டு கிளட்ச் கவரில் இருந்த எஃகு போல்ட்டுகளை எடுத்துவிட்டு, இணையத்தில் வாங்கிய நீல நிற டைட்டானியம் போல்ட்டுகளைப் பூட்டினேன். எம்6 (6 மில்லிமீட்டர் விட்டம்), தலையில் ஆறுமூலைக் குழி உள்ள ஆலன் வகை. பேஸ்ட், கிரீஸ் எதுவும் தடவவில்லை.

இப்போது கிளட்ச் தட்டுகளை மாற்றக் கவரைத் திறக்க வேண்டும். மேல் வரிசை போல்ட்டுகள் சிரமமில்லாமல் வந்துவிட்டன. கீழ் வரிசையில் மூன்று வர மறுக்கின்றன. ஒன்று கால் சுற்று திரும்பியதும் கிரீச்சென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. மூன்றின் தலையைச் சுற்றியும் கவரின் பெயின்ட் உப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைத் தூள். போல்ட்டில் மட்டும் துளி துரு இல்லை, நீலம் அப்படியே மின்னுகிறது. துருப்பிடிக்காது என்றுதானே இதை வாங்கினேன்?

இன்னொரு சந்தேகம். அதே செட்டில் முன் பிரேக்கின் டிஸ்க்குக்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கும் போல்ட் வந்திருக்கிறது. இன்னும் பூட்டவில்லை. பூட்டலாமா?

தக்கலை லேத்

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். கிரீச் சத்தம் வந்த பிறகும் பலம் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். போல்ட்டின் தலை முறியும், அல்லது கவருக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் கேஸின் மரை உருவிக்கொண்டு வரும். இரண்டாவதுதான் செலவு வைக்கும்.

டைட்டானியம் துருப்பிடிக்கவில்லை, சரி. அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைத் தூள் அதுதான். அந்தத் தூள் உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் உப்பியது, மரைக்குள்ளும் ஆப்பு அடித்தது மாதிரி இறுகியது.

உலோகவியல் மாணவி, நாகர்கோவில்

அண்ணன் சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புநீர் இருந்தால் அது ஒரு மின்கலம். டைட்டானியத்தின் மேல் உறுதியான ஆக்சைடு படலம் இருப்பதால் அது அரிபடாது. பக்கத்தில் இருக்கும் அலுமினியம் அதற்குப் பதிலாகக் கரையும். பெயின்ட் முழுதாக இருக்கும் வரை ஆபத்து குறைவு. போல்ட் தலையை இறுக்கும்போது அடியில் பெயின்ட் உரிகிறதே, அரிப்பு அங்கேதான் தொடங்கும். மரைக்குள் பெயின்டே கிடையாது. கீழ் வரிசை மட்டும் மாட்டியதற்கும் காரணம் புரிகிறது. மழைநீரும் கழுவிய தண்ணீரும் வடிந்து வந்து தங்கும் இடம் அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, குளச்சலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கிரீச் சத்தத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. டைட்டானியம் உலர்ந்த நிலையில் உராய்ந்தால் எதிர் உலோகத்தோடு ஒட்டிப் பிய்க்கும் குணமுள்ளது. முன்னும் பின்னுமாகத் திருப்பும்போது எண்ணெய் இல்லாமல் திருப்பாதீர்கள்.

தக்கலை லேத்

கழற்றும் முறை. வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். கிளட்ச் வலப்பக்கம் என்பதால் கவர் திறக்கும்போது ஆயில் கொட்டாது. உப்பிய பெயின்ட்டை ஊசியால் எடுத்துவிட்டு, தலையைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். ஒரு இரவு விட்டுவிடுங்கள். அவசரப்படுபவர்களின் போல்ட்டுகள்தான் என் பட்டறைக்கு வருகின்றன.

மறுநாள் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன்னால் கவரைச் சூடாக்குங்கள். போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தை. தீச்சுடர் வேண்டாம். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது, உள்ளே ஆயில் சீல் இருக்கிறது. கை வைக்க முடியாத சூடு வந்ததும், ஆலன் பிட்டின் முனை அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். பிறகு முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, அதன் பின் தளர்த்தும் பக்கம். அசைந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி சூடு.

உலோகவியல் மாணவி, நாகர்கோவில்

சூடு ஏன் உதவுகிறது என்றால், ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், டைட்டானியம் சுமார் 9 மைக்ரான்தான். 100 டிகிரி கூட்டினால் எம்6 துளை போல்ட்டைவிட ஏறக்குறைய 8 மைக்ரான் அதிகம் விரிந்திருக்கும். கேட்கச் சிறியதாக இருக்கும். அந்தத் தூளின் பிடியை உடைக்கப் போதும்.

முட்டம் வள்ளம்

நான் பைக் வேலை செய்பவன் அல்ல. வள்ளத்து அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பவன். உங்கள் கதை எங்களுக்கு அன்றாடம். தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சினின் அலுமினியக் காலில் ஸ்டெயின்லெஸ் போல்ட். கிரீஸ் இல்லாமல் பூட்டியதை ஒரு சீசன் கழித்துக் கழற்றினால் பாதி போல்ட் கையோடு வரும், பாதி உள்ளேயே நிற்கும். எஞ்சினில் துத்தநாகக் கட்டி ஒன்று தொங்குமே, அது அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக வைத்தது. பைக்கில் அதற்கு இடமில்லை. நனைந்துகொண்டே இருந்தால்தானே அது வேலையும் செய்யும்.

ஆகவே மக்களே, செய்ய முடிந்தது இரண்டு. கடலோரம் ஓட்டி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தம் கொடுத்துப் பீய்ச்ச வேண்டாம். பூட்டும்போது மரை முழுவதும், தலைக்கு அடியிலும், தண்ணீர் போக முடியாதபடி கடல் கிரீஸ் (உப்புநீர் கழுவிச் செல்லாத கிரீஸ்) தடவுங்கள்.

மேல்புறம் ரைடர்

நான் மரை இறுகாமலிருக்கத் தடவும், செம்புத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட்டைப் பயன்படுத்துகிறேன். எந்தச் சிக்கலும் வந்ததில்லை. அதையே தடவச் சொல்லலாமே?

உலோகவியல் மாணவி, நாகர்கோவில்

மேல்புறத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் ஓட்டும் வண்டிக்குச் சிக்கல் வராதுதான். அலுமினியத்தோடு உப்பு சேரும் இடத்தில் செம்பும் அலுமினியத்தை அரிக்கத் தூண்டும் உலோகமே. குளச்சலுக்கு உலோகத்தூள் இல்லாத செராமிக் வகை பேஸ்ட் நல்லது. கிடைக்காவிட்டால் முட்டத்து அண்ணாச்சி சொன்ன கடல் கிரீஸ்.

தக்கலை லேத்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேஸ்ட் தடவினால் டார்க்கை, அதாவது இறுக்கும் திருப்பு விசையை, குறைக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உராய்வு குறைந்தால் அதே திருப்பு விசைக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். எம்6 கவர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். பேஸ்ட் இருந்தால் நான் 8-இல் நிறுத்துவேன். டார்க் ரெஞ்ச் இல்லாமல் மணிக்கட்டு கணக்கில் இறுக்குபவர்கள் டைட்டானியம் பக்கமே வர வேண்டாம்.

இப்போது பிரேக். என் பதில்: பூட்டாதீர்கள். டைட்டானியம் எஃகைவிட வலுவானது என்ற பேச்சு பாதி உண்மை. எடைக்கு எடை வலு அதிகம், அவ்வளவுதான். நல்ல கிரேடு 5, அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது, 900 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். 10.9 என்று தலையில் குறித்த எஃகு போல்ட் 1000 தாங்கும், 12.9 என்றால் 1200. உங்கள் செட் கிரேடு 5 தானா என்பதே தெரியாது. கலப்பில்லாத கிரேடு 2 என்றால் இதில் பாதிகூட வராது. அதையும் நீலமாக்கலாம். மின்னழுத்தத்தைப் பொறுத்து மேற்படலம் காட்டும் நிறம்தான் அது, வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலிப்பர் போல்ட் எம்10 என்றால் மரையின் பிட்ச், அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, 1.25 மில்லிமீட்டரா 1.5-ஆ என்று பார்த்தீர்களா? இரண்டும் சந்தையில் உண்டு. மாறிப்போனால் இரண்டு சுற்று சுலபமாகப் போகும், மூன்றாவதில் இறுகும், பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

உலோகவியல் மாணவி, நாகர்கோவில்

டிஸ்க் போல்ட்டுக்கு மரைப் பசை போடுவார்கள் இல்லையா? காற்றில்லாத இடத்தில், உலோகத்தின் தூண்டுதலால் இறுகும் பசை அது. எஃகில் சீக்கிரம் பிடிக்கும். டைட்டானியம் அதைத் தூண்டாது. தனியாக ஆக்டிவேட்டர் அடிக்காவிட்டால் பசை அரைகுறையாக நின்றுவிடும். டிஸ்க்கில் அது விளையாட்டல்ல.

மேல்புறம் ரைடர்

மணவாளக்குறிச்சி மணலிலேயே டைட்டானியம் கொட்டிக் கிடக்கிறது. நாம் போய் இணையத்தில் வாங்கி ஏமாறுகிறோம்!

உலோகவியல் மாணவி, நாகர்கோவில்

அங்கே இருப்பது இல்மனைட், ரூட்டைல் என்ற தாதுக்கள். உலகில் வெட்டும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட்டுக்குத்தான் போகிறது. தாதுவைக் குளோரைடாக மாற்றி, மக்னீசியத்தோடு வினைபுரியவைத்துத்தான் உலோகம் எடுப்பார்கள். அதனால்தான் இந்த விலை.

குளச்சல் ஆர்15

எல்லோருக்கும் நன்றி. மூன்றும் வந்துவிட்டன. இரண்டாம் முறை சூடாக்கியபோது ஒன்று ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது, மற்ற இரண்டும் சண்டை போட்டுத்தான் வந்தன. போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளையும் சாம்பலுமாக அடைத்திருக்கிறது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்ததும் போல்ட் புதிதாகிவிட்டது. கேஸின் துளைதான் பாவம். ஒன்றில் கடைசி மூன்று மரைகள் போல்ட்டோடு சுருளாக வந்துவிட்டன.

தக்கலை லேத்

அந்தச் சுருளைக் காட்டும் படம் இருந்தால் அனுப்புங்கள். அடியில் நல்ல மரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எம்6-க்கு அலுமினியத்தில் 9 மில்லிமீட்டராவது முழு மரை பிடிக்க வேண்டும். குறைந்தால் ஹெலிகாயில், அதாவது துளையைப் பெரிதாக்கி உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள் மரை, போட்டுவிடலாம். துளையிடும்போது தூள் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸ் தடவிய துணியால் அடைக்க வேண்டும். அதற்குக் கவர் திறந்திருக்க வேண்டும், ஆகவே திரும்ப மூடும்போது இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டை முன்பே வாங்கி வையுங்கள். ஹெலிகாயில் கம்பி ஸ்டெயின்லெஸ். அதில் டைட்டானியத்தை உலர்வாகப் பூட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

குளச்சல் ஆர்15

அளந்துவிட்டேன், நல்ல மரை 7 மில்லிமீட்டர்தான். திங்களன்று கொண்டு வருகிறேன். எடையையும் போட்டுப் பார்த்தேன். எஃகு போல்ட் ஒன்று ஏறக்குறைய 8 கிராம், டைட்டானியம் நாலரை.

தக்கலை லேத்

அப்படியானால் பன்னிரண்டு போல்ட் மாற்றினாலும் மிச்சம் 40 கிராம் சொச்சம், ஒரு சின்ன மட்டி வாழைப்பழத்தின் எடை. வண்டியோ 140 கிலோ. அழகுக்காக என்றால் கவரில் இருக்கட்டும், பேஸ்ட் தடவிப் பூட்டித் தருகிறேன். பிரேக்குக்குப் பழைய எஃகு போல்ட்டே இருக்கட்டும். வரும்போது காலிப்பர் போல்ட் செட்டையும் எடுத்து வாருங்கள், ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். கண் கூசும் வெள்ளைப் பொறி பறந்தால் டைட்டானியம், மஞ்சள் பொறி என்றால் எஃகுக்குச் சாயம் பூசித் தந்திருக்கிறார்கள். எந்த கிரேடு என்பதைப் பொறி சொல்லாது.

மேல்புறம் ரைடர்

அண்ணாச்சி, என் செட்டிலும் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திங்களன்று நானும் வரலாமா?

தக்கலை லேத்

வாருங்கள். மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் மின்தடை.